காசுக்கேத்த தோசையா மாத்திரை?

மன்னார்குடியில் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. தனியார் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். பென்ஷன் கிடையாது. சென்ற தை மாதம் போயிருந்தபோது, தைலமும் திருநீறும் இருக்கும் பிறையில் அவருடைய பிரஷர் மாத்திரை அட்டைகளைப் பார்த்தேன். மூன்று அட்டை, முப்பது மாத்திரை, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்தது. பில்லையும் மடித்து உள்ளேயே செருகியிருந்தார். பில் தேதியிலிருந்து எண்ணினால் ஐம்பது நாள். ஐந்து மாத்திரை பாக்கி இருந்தது.

"என்ன பெரியம்மா இது?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறேன் தம்பி. ஒண்ணு ஏழு ரூவாய்க்கு மேல விக்கிது. சுகருக்கு வேற, கொழுப்புக்கு வேற. எங்க போறது?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட மக்கள் மருந்தகம் இருக்கே. அதே மாத்திரை ஒன்றரை ரூபாய்க்குள்ள கிடைக்குமே."

பெரியம்மா சிரித்தார். தப்பாகக் கணக்குப் போட்ட பையனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு அது. "ஒன்ற ரூவா மாத்திரையில என்னடா இருக்கப்போவுது? காசுக்கேத்த தோசை."

இந்தக் கட்டுரை பெரியம்மாவோடு சண்டை பிடிக்க எழுதியதல்ல. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஊர் டாக்டர் சொன்னார், மெடிக்கல்காரர் சொன்னார், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளை போனில் சொன்னார். படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் என்று நாம் நம்புகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: விலை குறைந்த மருந்து வேலை செய்யாது, ஜெனரிக் என்பது ஏழைகளுக்குப் போடும் இரண்டாந்தரச் சரக்கு, உடம்பு விஷயத்தில் காசு பார்க்கக் கூடாது. இந்த நம்பிக்கை தவறு. வெறும் தவறு என்றால் விட்டுவிடலாம். இதை நம்பித்தான் பெரியம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போடுகிறார். மருந்தே இல்லாத அந்த ஒற்றை நாட்களைவிட மோசமான இரண்டாந்தரச் சரக்கு உலகத்தில் கிடையாது.

தோசை உவமையிலேயே தொடங்கலாம். ஐம்பது ரூபாய் தோசைக்கும் நூற்றைம்பது ரூபாய் தோசைக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். நெய் கூடும், மாவு கூடும், உள்ளே முந்திரி வைப்பார்கள். மாத்திரையில் எதைக் கூட்டுவது? நாற்பது மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் நாற்பதுதான் இருக்க வேண்டும். விலை கொடுத்தவருக்கு நாற்பத்தைந்து வைத்தால் அது தரம் இல்லை, குற்றம். மருந்தில் "நல்லது", "ரொம்ப நல்லது" என்று படிகள் இல்லை. தேறியது, தேறாதது என்று இரண்டே பிரிவுதான். 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் பிராண்டுக்கு ஒரு தரம், ஜெனரிக்குக்கு ஒரு தரம் என்று வைக்கவில்லை. இந்திய மருந்துக் கையேடு ஒன்றே ஒன்று. அட்டையில் மருந்தின் பெயருக்குப் பின்னால் 'ஐ.பி.' என்று இரண்டு எழுத்து இருக்கிறதே, அது அந்தக் கையேட்டைத்தான் சொல்கிறது. பெரியம்மாவின் ஏழு ரூபாய் மாத்திரையில் அந்த இரண்டு எழுத்து இருந்தது. மறுநாள் நான் போய் வாங்கிவந்த ஒன்றரை ரூபாய் மாத்திரையிலும் இருந்தது.

இரண்டு அட்டையையும் திண்ணையில் வைத்து, அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி லென்ஸாகப் பிடித்துக்கொண்டு படித்தோம். முன்பக்கம் எதையும் சொல்லாது, விஷயமெல்லாம் பின்பக்கப் பொடி எழுத்தில் இருக்கிறது. இரண்டிலும் டெல்மிசார்ட்டன், 40 மி.கி. 2018-லிருந்து மருந்தின் பொதுப்பெயரைப் பிராண்டு பெயரைவிட இரண்டு அளவு பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனாலும் நம் கண் வண்ணத்தில் இருக்கும் பிராண்டு பெயரிடம்தான் போய் நிற்கிறது. அதற்குக் கீழே 'தயாரித்தவர்' என்று ஒரு பெயர், 'விற்பவர்' என்று இன்னொரு பெயர். பெரியம்மா நம்பும் அந்தப் பெரிய கம்பெனி இரண்டாவது இடத்தில், விற்பவராக மட்டும் இருந்தது. தயாரித்தது வடக்கே மலைநாட்டில் உள்ள வேறொரு ஆலை. அவருக்கு இது புதுச் செய்தி. மருந்து வியாபாரத்தில் இருப்பவர்களுக்குப் பழைய செய்தி. ஒரே ஆலை பல கம்பெனிகளுக்குச் செய்துகொடுக்கும். இமாச்சலப் பிரதேசத்தில் பத்தி என்ற ஊரின் வட்டாரம் முழுக்க இப்படி வளர்ந்ததுதான்.

இன்னொன்று சொன்னேன், அதைத்தான் அவர் கடைசிவரை நம்ப மறுத்தார். டெல்மிசார்ட்டனைக் கண்டுபிடித்தது ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் கம்பெனி. அவர்கள் வைத்த பிராண்டு பெயர் மிக்கார்டிஸ். பெரியம்மா 'ஒரிஜினல்' என்று வைத்திருக்கும் மாத்திரையை அவர்கள் செய்யவில்லை. அது இந்தியக் கம்பெனி செய்த நகல். நம் ஊர் மெடிக்கல் ஷாப் அலமாரியில் இருப்பதில் மிகப் பெரும்பகுதி இப்படிப்பட்ட நகல்தான். பிராண்டு பெயர் ஒட்டிய ஜெனரிக். ஆகவே பெரியம்மா முன்னால் இருக்கும் தேர்வு ஒரிஜினலுக்கும் நகலுக்கும் இடையில் இல்லை. ஏழு ரூபாய் நகலுக்கும் ஒன்றரை ரூபாய் நகலுக்கும் இடையில்.

நகல் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அந்த நகல்தான் நம்மைப் பிழைக்க வைத்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழு மருந்து விலைகளை ஆராய்ந்தபோது, உலகிலேயே விலை கூடுதலான நாடுகளில் ஒன்றாக இந்தியாவைக் குறிப்பிட்டது. ஏழை நாட்டில் பணக்கார விலை! 1970-இல் வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்யும் முறைக்குத்தான் உண்டு என்று மாற்றியது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்யலாம் என்றானது. நம் மருந்துத் தொழில் அந்தக் கதவு வழியாக வந்ததுதான். 2005-இல் உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காகக் கதவு பாதி மூடப்பட்டது. அதற்குள், 2001-இல், சிப்லா கம்பெனியின் யூசுப் ஹமீது எய்ட்ஸ் கூட்டு மருந்தை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தார். அப்போது மேலைநாட்டு விலை பத்தாயிரம் டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்கள் அந்த 'மலிவு நகலில்' நின்றன. காசுக்கேத்த தோசை என்று அவர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்களைச் சாட்சிக்கு இழுப்பது நம் வழக்கம். இழுப்போம். அங்கே எழுதப்படும் மருந்துச் சீட்டுகளில் பத்தில் ஒன்பது ஜெனரிக்காகத்தான் நிறைவேறுகிறது. மருந்துக் கடைக்காரரே மாற்றித் தருகிறார். பெங்களூர் மாப்பிள்ளையின் அண்ணன் நியூ ஜெர்சியில் கூச்சமில்லாமல் விழுங்கும் பொருளை, மாப்பிள்ளை மன்னார்குடியில் மாமியாருக்குக் கூடாது என்கிறார்.

சரி, விலை எங்கிருந்து வருகிறது? 2013-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள ஒரு மருந்துக்கு உச்சவரம்பு போடும்போது, சந்தையில் ஒரு சதவீதமாவது பங்குள்ள எல்லாப் பிராண்டுகளின் விலையையும் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். அதன் மேல் கடைக்காரருக்குப் பதினாறு சதவீதம் சேர்க்கிறார்கள். செய்ய என்ன செலவாகிறது என்ற கேள்வியே இதில் இல்லை. முன்பிருந்த ஆணையில் இருந்தது, எடுத்துவிட்டார்கள். அதாவது ஏழு ரூபாய் என்பது மற்ற கம்பெனிகள் என்ன விலை வைத்திருக்கின்றன என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் பொருளைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கு உச்சவரம்பே கிடையாது, ஆண்டுக்குப் பத்து சதவீதம் ஏற்றிக்கொள்ளலாம்.

மிச்சம் எங்கே போகிறது என்று சொல்ல ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. கம்பெனியே எழுதிக்கொடுத்த கணக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ், ஒரு சத்து மாத்திரையைப் பரப்புவதற்காக டாக்டர்களுக்குக் கொடுத்த அன்பளிப்புகளை வியாபாரச் செலவு என்று காட்டி வருமான வரியில் கழிவு கேட்டது. தங்கக் காசு, டி.வி., ஃபிரிட்ஜ், லேப்டாப், மாநாட்டுக் கட்டணம். தொகை 4 கோடியே 72 லட்சத்துக்கும் மேல். கழிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. சட்டப்படி வாங்குபவருக்குக் குற்றமான ஒன்றைக் கொடுப்பவர் செலவுக் கணக்கில் எழுத முடியாது என்றது நீதிமன்றம். எனக்குத் தீர்ப்பைவிட அந்தக் கழிவு விண்ணப்பம்தான் சுவாரஸ்யம். ஒளித்து மறைத்துச் செய்யும் காரியம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததை அவர்கள் ரசீது போட்டு ஃபைலில் வைத்திருக்கிறார்கள்.

எல்லா டாக்டரும் வாங்குகிறார் என்று சொல்லவில்லை. வாங்காதவர்களை எனக்கே தெரியும். ஆனால் வாங்காதவரும் ஒரு வாதம் வைக்கிறார், அதற்குப் பதில் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் எல்லா டாக்டர்களும் ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. இந்திய மருத்துவச் சங்கம் கொதித்தது. தண்டவாளம் போடாமல் ரயில் விடுவது மாதிரி என்றது. இந்தியாவில் தரப் பரிசோதனை போதாது, கண்ட ஆலையில் செய்த மாத்திரைக்கு யார் பொறுப்பு, நோயாளி இறந்தால் எங்கள் தலையில்தானே விடியும் என்பது அவர்கள் கேள்வி. அதே மாதமே விதி நிறுத்திவைக்கப்பட்டது.

தண்டவாளம் சரியில்லை என்பது உண்மை. அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அதே தண்டவாளத்தில்தானே பிராண்டு ரயிலும் ஓடுகிறது? அதே மருந்து ஆய்வாளர், அதே பரிசோதனைக் கூடம், அதே லைசென்ஸ், பல நேரம் அதே ஆலை. தரக் கண்காணிப்பு பலவீனம் என்றால் எல்லா மருந்தையும் சந்தேகிக்க வேண்டும். விலை குறைந்ததை மட்டும் சந்தேகிப்பது என்ன நியாயம்? 2017 வரை, அறிமுகமாகி நான்கு ஆண்டு தாண்டிய மருந்துக்கு உடம்பில் சேரும் அளவை நிரூபிக்காமலே மாநில லைசென்ஸ் வாங்கிவிட முடிந்தது. அதற்குப் பிறகுதான், கரைவதற்குக் கடினமான மருந்து வகைகளுக்காவது அந்தச் சோதனை கட்டாயமானது. இந்த ஓட்டை வழியாகச் சந்தைக்கு வந்தவற்றில் வண்ண அட்டை போட்ட பிராண்டுகளும் உண்டு என்பதைச் சங்கம் சொல்வதில்லை.

'உடம்பில் சேரும் அளவு' என்று சொன்னேன் இல்லையா, இதில் வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. ஜெனரிக்கில் மருந்து 80 முதல் 125 சதவீதம் வரை எப்படியும் இருக்கலாமாம். ஆகவே இருபது சதவீதம் குறைவாக இருக்கலாமாம். தவறு. அந்த எண்கள் மாத்திரைக்குள் இருக்கும் மருந்தைப் பற்றியவை அல்ல. ஒரே ஆட்களுக்கு இரண்டு மாத்திரையையும் வேறுவேறு சமயம் கொடுத்து, ரத்தத்தில் மருந்து ஏறி இறங்குவதை மணிக்கணக்காக அளந்து, இரண்டுக்கும் விகிதம் பார்க்கிறார்கள். சராசரி விகிதம் மட்டும் அந்த எல்லைக்குள் இருந்தால் போதாது. சராசரிக்கு இருபுறமும் புள்ளியியல் பிழைக்காக விடும் இடைவெளியும் முழுவதுமாக உள்ளே இருக்க வேண்டும். எண்பதில் நிற்கும் மாத்திரை இந்தச் சோதனையில் தேறவே முடியாது. அமெரிக்க மருந்து நிர்வாகம் பன்னிரண்டு ஆண்டுகளில் தன்னிடம் வந்த 2,070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரிஜினலுக்கும் ஜெனரிக்குக்கும் ரத்தத்தில் சேர்ந்த மொத்த அளவில் சராசரி வித்தியாசம் ஏறத்தாழ மூன்றரை சதவீதம். நீங்கள் மாத்திரையை இட்லிக்கு முன்னால் போட்டீர்களா பின்னால் போட்டீர்களா என்பதற்கே சில மருந்துகளில் அதைவிட வித்தியாசம் வரும்.

நம் ஊரிலும் பார்த்திருக்கிறார்கள். டெல்லி ஆய்வாளர்கள் 2011-இல் இந்திய மருந்தியல் இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே கம்பெனி இரண்டு பெயரில், இரண்டு விதமாக விற்கும் மருந்துகளை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து ஜோடி. தரத்தில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் கடைக்காரர் லாபத்தில் இருந்தது. பிராண்டில் 25 முதல் 30 சதவீதம். அதே கம்பெனியின் ஜெனரிக்கில் 201 முதல் 1,016 சதவீதம் வரை. இது என் வாதத்துக்கு எதிராகவும் வெட்டும், மறைக்கவில்லை. கம்பெனி கடைக்காரருக்குச் சல்லிசாகக் கொடுக்கிறது, அட்டையில் எம்.ஆர்.பி.யை உயரத்திலேயே அச்சிடுகிறது. கடைக்காரர் இருபது சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைக்கிறார், நாம் புண்ணியவான் என்று வாழ்த்திவிட்டு வருகிறோம். ஆகவே 'ஜெனரிக் கொடுங்க' என்று தனியார் கடையில் கேட்டால் மட்டும் காரியம் ஆகாது. எம்.ஆர்.பி.யே குறைவாக அச்சாகியிருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

மெடிக்கல்காரர்களைப் பற்றி ஒன்று. நீங்கள் கேட்ட பிராண்டு கடையில் இல்லை என்று வையுங்கள். உடனே என்ன சொல்வார்? "கன்டென்ட் ஒண்ணுதான் சார், கம்பெனிதான் வேற. தைரியமா போடுங்க." அதே விலை பிராண்டு இன்னொன்றை எடுத்து நீட்டுவார். அதே ஆளிடம் ஒன்றரை ரூபாய் மாத்திரை பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அது ஒத்துக்காது சார்" என்பார். கன்டென்ட் ஒன்றுதான் என்ற ஞானம் விலை இறங்கும்போது மட்டும் மறந்துபோகிறது.

இப்போது அரசு மருந்துக்கு வருகிறேன். பெரியம்மாவின் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு. மத்திய அரசு 2014 முதல் 2016 வரை நாடு முழுக்க நடத்திய கணக்கெடுப்பில் 47,012 மாதிரிகளைச் சோதித்தார்கள். சில்லறைக் கடைகளில் எடுத்தவற்றில் தரம் தேறாதவை ஏறத்தாழ மூன்று சதவீதம். அரசுக் கிடங்குகளில், ஆஸ்பத்திரிகளில் எடுத்தவற்றில் பத்து சதவீதம். இந்தப் பத்தை விழுங்கிவிட்டு யாரும் இந்தப் பேச்சைப் பேசக் கூடாது. ஆனால் அது எதைக் காட்டுகிறது? குறைந்த விலைக்கு டெண்டர் விட்டு, சோதிக்காமல், வெயிலில் கொட்டகையில் அடுக்கி வைத்தால் மருந்து கெடும். விலைக்கு அதில் பங்கில்லை, சோதிக்காததற்குத்தான் பங்கு.

சோதித்து வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் பதிவாகி, 1995 ஜனவரியிலிருந்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறது. பொதுப்பெயரில் மட்டும் வாங்குவார்கள். சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, தயாரித்த கம்பெனியின் பெயரை மறைத்து, எண் மட்டும் போட்டு வெளிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். யாருடைய மாத்திரை என்று சோதிப்பவருக்கே தெரியாது. முடிவு வரும்வரை சரக்கு கிடங்கிலேயே இருக்கும். தேறாவிட்டால் கம்பெனி கறுப்புப் பட்டியலுக்குப் போகவும் கூடும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் உண்டு, தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம். கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. தனியார் மருந்துக் கடைக்கு வரும் எந்தப் பிராண்டையும், ஒவ்வொரு தொகுதியாக, பெயரை மறைத்து, விற்பதற்கு முன்னால் வெளியாள் யாரும் சோதிப்பதில்லை. தர்மாஸ்பத்திரி மாத்திரை என்று நாம் இளக்காரமாகச் சொல்வதற்கு இருக்கும் காவல், காசு கொடுத்து வாங்கும் மாத்திரைக்கு இல்லை.

மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களுக்கும் தொகுதிதோறும் சோதனை உண்டு. 2008-இல் அமிர்தசரஸில் ஒரு கடையாகத் தொடங்கியது, இன்று நாடு முழுக்கப் பதினைந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகம் என்று ஆயிரம் கடைகளைத் திறந்தது. மக்கள் மருந்தகச் சரக்கிலும் தேறாத தொகுதிகள் பிடிபட்டிருக்கின்றன. பிடிபடுவது சோதனை நடப்பதால்தான். கேட்ட மாத்திரை பல நாள் இருப்பில் இருக்காது என்பது வேறு குறை, அது உண்மையான குறை. மூன்று முறை நடந்து ஏமாந்தவர் நான்காம் முறை பழைய கடைக்கே போவார். அரசு வெட்கப்பட வேண்டிய இடம் அது. கடல் கடந்து இலங்கையில் 1971-லேயே அரசு மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்த சேனக பிபிலே, பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கினால் ஒரு சிறு நாடும் கம்பெனிகளோடு பேரம் பேச முடியும் என்று செய்துகாட்டினார். அரை நூற்றாண்டுக்கு முந்தைய பாடம்.

பெயரே காப்பு என்று இன்னும் நினைப்பவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகள். இந்தியாவின் மிகப் பெரிய மருந்துக் கம்பெனிகளில் ஒன்றாக இருந்த ரான்பாக்ஸியின் அமெரிக்கக் கிளை, 2013-இல் அங்கே குற்றத்தை ஒப்புக்கொண்டது. கம்பெனி 50 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. பரிசோதனைக் கணக்குகளில் பொய். அடுத்தது, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கத்தில் அதைக் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம். அந்த பாட்டிலுக்குப் பிராண்டு பெயர் இருந்தது. டாக்டர் கைப்பட எழுதிய சீட்டில் இருந்தது. தனியார் கடையில் விற்றது. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் யாரும் மலிவு மருந்து தேடிப் போகவில்லை. போலி மருந்து அடிப்பவனும் நல்ல விலை போகும் பிராண்டைத்தான் அடிப்பான். ஒன்றரை ரூபாய் மாத்திரையைப் போலி செய்து அவனுக்கு என்ன மிஞ்சும்?

பெரியம்மாவின் பிறையில் இன்னொரு டப்பாவும் இருந்தது. சுகருக்கு ஏதோ பொடி. யூடியூப் பார்த்து மருமகள் வாங்கி அனுப்பியது. மாத்திரையைவிட விலை கூடுதல். 'இங்கிலீஷ் மருந்துக்கு மாற்று, பக்கவிளைவு இல்லை' என்று ஒட்டியிருந்தது. மருந்து விலை தாங்காதவர்கள் கடைசியில் வந்து விழும் குழி இதுதான். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு வழக்கு இல்லை. சர்ப்பகந்தா வேர் பிரஷரைக் குறைக்கும் என்பதை 1949-இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டன் இதழில் எழுதி உலகத்துக்குக் காட்டினார். அந்த வேரிலிருந்து பிரித்த ரிசர்பின் சில ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. பிறகு மனச்சோர்வு வருகிறது என்ற புகார்கள் எழுந்தன, வேறு நல்ல மருந்துகளும் வந்தன, அது ஒதுங்கியது. வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் பக்கவிளைவு உண்டு, வேராக இருந்தாலும். நீரிழிவையும் ரத்த அழுத்தத்தையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்திருக்கிறது. அந்தச் சட்டம் இருக்கும் நாட்டில்தான் அந்தப் பொடி டப்பா கூரியரில் வந்து இறங்கியது. உப்பைக் குறைப்பது, நடப்பது, எடையை இறக்குவது இவையெல்லாம் நல்லவை. டாக்டர் அளந்து பார்த்து டோஸைக் குறைக்கவும் உதவும். ஆனால் மாத்திரையை நாமே நிறுத்த அவை உரிமம் தராது. மருந்துக்கு மாற்று தேடியவர்கள் எத்தனையோ பேர் டயாலிசிஸ் வார்டில் இருக்கிறார்கள். பிராண்டுக்கு மாற்று தேடுவதுதான் பாதுகாப்பான மலிவு.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டால் தவறு. வலிப்புக்கான ஃபெனிடாய்ன், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், தைராய்டு மாத்திரை, சிறுநீரகம் மாற்றியவர்கள் போடும் டாக்ரோலிமஸ் போன்றவற்றில் அளவு கொஞ்சம் நகர்ந்தாலும் சிக்கல். இவற்றில் கம்பெனி மாற்றுவதானால், விலை ஏறினாலும் இறங்கினாலும், டாக்டரிடம் சொல்லி ரத்தம் சோதித்துத்தான் மாற்ற வேண்டும்.

பெரியம்மா கேட்ட கடைசிக் கேள்வி சரியான கேள்வி. "சீட்டுல அந்தப் பேருதானே எழுதியிருக்கு. வேற கேட்டா குடுப்பானா?" சட்டப்படி கொடுக்கக் கூடாது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65-ஆம் விதி, சீட்டில் எழுதிய பிராண்டுக்குப் பதிலாக அதே மருந்தின் வேறு தயாரிப்பைக் கடைக்காரர் தானாக மாற்றித் தருவதைத் தடுக்கிறது. ஆகவே சாவி டாக்டரின் பேனாவில் இருக்கிறது. முடிந்தவரை பொதுப்பெயரில் எழுத வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே இருக்கிறது. 2016-இல் திருத்தி, புரியும் எழுத்தில் எழுத வேண்டும் என்பதையும் சேர்த்து, இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள். 2023 விதி நின்றுபோனாலும் இது நிற்கவில்லை. டாக்டர் கோபப்படுவாரோ என்று பயந்துதான் நாம் யாரும் கேட்பதில்லை.

போன மாதம் பெரியம்மாவோடு நானே டாக்டரிடம் போனேன். "கன்டென்ட் பேர் எழுதிக் குடுங்க சார்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, எழுதினார். நீங்களும் அடுத்த முறை போகும்போது இந்த ஒரு வரியைக் கேளுங்கள். சீட்டை வாங்கிக்கொண்டு நேரே மக்கள் மருந்தகத்துக்கோ முதல்வர் மருந்தகத்துக்கோ போங்கள். ஒரு மாதம் தினமும் தவறாமல் போட்டுவிட்டு, பிரஷரை அளந்து பாருங்கள்.